கம்பனி ‘இல்லை’ என்றால் கதை முடிந்ததா?

அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பியபோது, முன் விறாந்தையில் என் மனைவியுடன் ஒரு சகோதரி பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓ.எல். வகுப்பில் படிக்கும் அவருடைய மகள். சகோதரியின் கையில் நான்காக மடித்த ஒரு கடிதம். எத்தனை பேரிடம் விரித்துக் காட்டியிருப்பாரோ, மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. இது நடந்தது 2018 ஆம் ஆண்டில்.

“மௌலவி, இந்தக் கடுதாசியில என்ன எழுதிக் கிடக்கு என்டு பாத்துச் சொல்லுங்க. ஆளுக்கொண்டு சொல்றாங்க” என்றார்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அரபு இலக்கணத்தோடு இருபது வருடங்களைக் கழித்தவன் நான். ஆங்கிலக் கடிதம் என்றால் எனக்கும் கண் இருட்டத்தான் செய்யும். “ராத்தா, எனக்கு அரைகுறையாகத்தான் விளங்குகிறது. அடுத்த ஒழுங்கையில் இருக்கும் இங்கிலீஷ் மாஸ்டரிடம் காட்டிவிட்டு மஃரிபுக்குப் பிறகு சொல்கிறேன்” என்றேன்.

அவருடைய கணவரை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் குறைவு. ஹாட்வெயார் கடையொன்றில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை செய்பவர். மழையோ வெயிலோ, ஒரே சைக்கிளில்தான் போய் வருவார். ஒரு நாள் காலையில் கடைக்குப் போகும் வழியில், குறுக்கு வீதியிலிருந்து வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் அவரை மோதிவிட்டது. வலது காலின் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. காயம் ஆறச் சுணங்கியதால் 23 நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டிக்கட் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் ஊன்றுகோல்தான். மொத்தம் 20 வாரங்கள் வேலைக்குப் போக முடியவில்லை. கடை முதலாளி இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தார். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. சகோதரி தன் கையிலிருந்த இரண்டு காப்புகளையும் விற்றுத்தான் அடுப்பை எரித்தார்.

விபத்துக்கு மூன்று வருடங்களுக்கு முன்னர், கடைக்கு வந்த ஓர் ஏஜன்டிடம் அவர் விபத்துக் காப்புறுதி ஒன்று எடுத்திருந்தார். வருடா வருடம் பணமும் கட்டியிருந்தார். விபத்தினால் வேலை செய்ய முடியாமற் போனால் வாரம் 5,000 ரூபா தருவோம் என்று அதில் எழுதியிருந்தது. 20 வாரங்களுக்கு ஒரு இலட்சம் ரூபா. அந்தக் காசு வந்தால் கடன்களையெல்லாம் தீர்த்துவிடலாம் என்று குடும்பமே காத்திருந்தது. அந்த நேரத்தில்தான் இந்தக் கடிதம் வந்தது.

மறுப்புக் கடிதம் தீர்ப்பு அல்ல

இங்கிலீஷ் மாஸ்டர் வாசித்துச் சொன்னார். இரண்டு பந்திகள்தான். கோரிக்கையை ஏற்க முடியாதென்று சொல்லி, இரண்டு காரணங்களைக் காட்டியிருந்தார்கள். முதலாவது, உங்களுக்கு நீரிழிவு இருக்கிறது. காப்புறுதி எடுக்கும்போது விண்ணப்பப் படிவத்தில் அதை மறைத்துவிட்டீர்கள். இரண்டாவது, விபத்து நடந்தால் 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். நீங்கள் 52 ஆவது நாளில்தான் அறிவித்தீர்கள்.

சகோதரியிடம் இதைச் சொன்னபோது, “அப்ப முடிஞ்சிதா மௌலவி?” என்று மட்டும் கேட்டார். பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் விடயம் முடிந்து போகிறது. கடிதத்தின் தலையில் கம்பனியின் முத்திரை, கீழே பெரிய அதிகாரியின் ஒப்பம், நடுவில் விளங்காத மொழி. இவற்றைக் கண்டதும் அது கோர்ட்டில் இருந்து வந்த கட்டளை போலத் தோன்றிவிடுகிறது.

அன்பின் சகோதரிகளே! முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். காப்புறுதி என்பது இரு தரப்பாரின் ஒப்பந்தம். மறுப்புக் கடிதம் என்பது அதில் ஒரு தரப்பு மற்றத் தரப்புக்குச் சொல்லும் அபிப்பிராயம். கொடுக்கல் வாங்கலில் உங்களுக்குப் பணம் தரவேண்டிய ஒருவர் “நான் தரத் தேவையில்லை” என்று சொன்னால், “ஏன் என்று விளக்குங்கள்” என நீங்கள் கேட்பீர்கள் அல்லவா? இதுவும் அப்படித்தான். கம்பனி சொல்வது சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். வாசித்துப் பார்க்காமல் அழுவதும் சரியல்ல. வாசித்துப் பார்க்காமல் ஏசுவதும் சரியல்ல.

உறவினர்கள் சொன்ன இரண்டு யோசனைகள்

இதற்கிடையில் குடும்பத்திற்குள் இரண்டு கதைகள் ஓடிக்கொண்டிருந்தன. “இன்சூரன்ஸ் காசே நமக்கு வேணாம், இது அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருங்கள்” என்றார் ஒரு பெரியவர். இந்தக் கேள்வி பல வீடுகளில் இருப்பதால் சுருக்கமாகச் சொல்லி வைக்கிறேன். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹ் அகடமி, இலாப நோக்குள்ள நிறுவனங்களுடன் செய்யும் வர்த்தகக் காப்புறுதி ஒப்பந்தம் கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு அடிப்படையிலான காப்புறுதியே அதற்கு மாற்றீடு என்றும் தீர்மானித்தது. அந்த மாற்றீடுதான் தகாபுல். இலங்கையில் 1999 முதல் தகாபுல் சேவை இருந்து வருகிறது. இனிக் காப்புறுதி எடுப்பவர்கள் இதை விசாரித்து எடுக்க வேண்டும். ஆனால் வருடக்கணக்காகப் பணம் கட்டி, ஒப்பந்தமும் செய்து, விபத்தும் நடந்த பிறகு, மறுப்புக் கடிதத்தை வாசிக்காமலே மடித்து வைப்பதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டிவிட முடியாது. எந்தக் காசை எடுக்கலாம், எதை விடலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம். கம்பனி தன் வாக்கைக் காப்பாற்றியதா என்பது தனியான கேள்வி.

இரண்டாவது யோசனைதான் ஆபத்தானது. மருந்துக்கடையில் வேலை செய்யும் உறவினர் ஒருவர், “திகதியை மாத்தி ஒரு மெடிக்கல் எடுத்துத் தாறன். பத்து நாளைக்குள்ள அறிவிச்ச மாதிரி ஒரு கடுதாசியும் செஞ்சா எல்லாம் சரி” என்று சொல்லியிருந்தார். சகோதரி அதைத் தயங்கித் தயங்கித்தான் என்னிடம் கேட்டார். காப்புகளை விற்ற கை, கடைக்காரனின் கடன் கொப்பி, ஓ.எல். எழுதப்போகும் மகள் எல்லாம் அவர் முகத்தில் தெரிந்தன.

“ராத்தா, உங்கள் பக்கம் உள்ள உண்மையே போதும். அதற்குள் ஒரு பொய்த் தாளைச் செருகினால் உள்ள உண்மையும் பொய்யாகிவிடும்” என்றேன். இது மார்க்க உபதேசம் மட்டுமல்ல. மோசடியான ஆவணம் கொடுத்தால் முழுக் கோரிக்கையும் செல்லாது என்ற நிபந்தனை காப்புறுதிப் பத்திரங்களில் வழமையாக இருப்பது. ஆஸ்பத்திரியின் பதிவு ஒரு திகதியைச் சொல்லும், நமது தாள் வேறொரு திகதியைச் சொல்லும். பிறகு குற்றவாளிக் கூண்டில் நிற்பது நாம்தான். பொலிஸ் விவகாரமாகவும் அது மாறலாம். சகோதரி அன்றே அந்த உறவினரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பின்னர் நடந்தவற்றைப் பார்க்கும்போது, அந்த ஒரு முடிவுதான் அவரைக் காப்பாற்றியது.

யாரிடம் எதைக் கேட்பது?

சைக்கிள் விபத்தொன்றில் இரண்டு வெவ்வேறு உரிமைகள் இருக்கின்றன. நம்மவர்கள் இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, விபத்துக்குள்ளானவர் தானாக எடுத்திருந்த விபத்துக் காப்புறுதி. இதில் பிழை யாருடையது என்ற கேள்வி பொதுவாக எழாது. விபத்து நடந்ததா, காயம் ஏற்பட்டதா, ஒப்பந்தத்தில் சொன்ன நிபந்தனைகள் சரியா என்பதையே பார்ப்பார்கள். மோதியவரிடம் ஏதாவது பணம் வாங்கியிருந்தாலும், வாரம் இவ்வளவு என்று நிச்சயித்த தொகையை அது பொதுவாகப் பாதிக்காது.

மற்றது, மோதிய வாகனத்தின் மூன்றாம் தரப்புக் காப்புறுதி. சைக்கிளுக்குக் காப்புறுதி எடுக்கும்படி சட்டம் சொல்லவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, வேன், லொறி ஆகியன மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வீதியில் ஓடக்கூடாது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்தவர் வாகனக்காரர், நாமல்ல. நமது உரிமை சாரதிக்கும் வாகனச் சொந்தக்காரருக்கும் எதிரானது. அவர்களுக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அந்தப் பணத்தைச் செலுத்தும் கடமை சட்டப்படி காப்புறுதிக் கம்பனிக்கு வருகிறது. எனவே மோதிய வாகனத்தின் கம்பனி நமக்கு “இல்லை” என்று எழுதினால், அது நமது வழக்கை முடித்துவிடாது. ஆனால் காலம் முடித்துவிடும். இத்தகைய காயத்துக்கும் நட்டத்துக்கும் வழக்குத் தொடர, 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இரண்டு வருடங்கள்தான் உண்டு. வழக்குத் தொடரும்போது கம்பனிக்கும் உரிய காலத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். இதைச் சட்டத்தரணி மூலமே செய்ய வேண்டும். வசதி குறைந்தவர்களுக்கு 1978 இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்கள் இருக்கின்றன.

இந்தச் சகோதரியின் விடயத்தில் இரண்டாவது வழி ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. மோதிய பையனின் வாப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணீர் விட்டிருக்கிறார். நோயாளியின் தம்பி பொலிசுக்குப் போய், மருந்துச் செலவுக்கு 15,000 ரூபாவை வாங்கிக்கொண்டு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளில் ஒப்பமிட்டிருந்தார். கணவரும் படுக்கையில் இருந்தபடியே சம்மதித்திருந்தார். மன்னிப்பது சிறந்த குணம்; அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கால் குணமாக எத்தனை மாதம் செல்லும் என்று டொக்டரே சொல்லாத நிலையில், நான்காவது நாளில் இப்படி எழுதிக் கொடுக்கத்தான் வேண்டுமா? சமாதானமாகப் போவது வேறு, எதில் ஒப்பமிடுகிறோம் என்று தெரியாமல் ஒப்பமிடுவது வேறு. எஞ்சியிருந்தது அவருடைய சொந்தக் காப்புறுதி மட்டும்தான்.

முதலாவது காரணம்: ‘நோயை மறைத்தீர்கள்’

சகோதரியை வீட்டிலுள்ள எல்லாத் தாள்களையும் கொண்டுவரச் சொன்னேன். பிஸ்கட் டின் ஒன்றில் அவ்வளவையும் போட்டு வைத்திருந்தார். அவருடைய மகளும் மாஸ்டரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

காப்புறுதி ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் மிக உயர்ந்த நேர்மையுடன் நடக்க வேண்டும் என்பது அடிப்படை. விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் நோய்களை மறைத்தால் கம்பனி கையை விரித்துவிடலாம். அது நியாயம்தான். தெரிந்துகொண்டே சீனி வருத்தத்தையோ இருதய நோயையோ மறைத்துக் காப்புறுதி எடுப்பவர்களுக்காக நான் வாதாட மாட்டேன்.

ஆனால் ஒருவர் தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். தெரியாததை எப்படிச் சொல்வது? காப்புறுதி விடயத்தில் நமது நாட்டில் ஆங்கிலச் சட்டத்தின் கொள்கைகளே பின்பற்றப்படுகின்றன. அறியாத ஒன்றை ஒருவர் மறைத்ததாகச் சொல்ல முடியாது என்பதை 1908 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அத்துடன், மறைத்தார் என்று சொல்லும் கம்பனிதான் அதை நிரூபிக்கவும் வேண்டும்.

மாஸ்டர் ஆஸ்பத்திரி டிக்கட்டை வெளிச்சத்தில் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென நிமிர்ந்தார். டொக்டரின் கிறுக்கல் எழுத்தில், நீரிழிவு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. விபத்துக்குப் பிறகு, காயம் ஏன் ஆறவில்லை என்று பார்க்க எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் அது தெரிய வந்திருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்னர் படிவம் நிரப்பியபோது அந்த மனிதருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. அதற்கு முன்னர் சீனிக்கு அவர் மருந்து எடுத்ததும் இல்லை, கிளினிக் கொப்பி இருந்ததும் இல்லை.

கம்பனிக்கு அனுப்பிய தாள்களிலும் அதே டிக்கட்டின் பிரதி இருந்தது. நீரிழிவு என்ற சொல்லை மட்டும் பார்த்தவர்கள், அதற்கு முன்னால் இருந்த சொல்லைப் பார்க்கவில்லை போலும்.

இரண்டாவது காரணம்: ‘பிந்தி அறிவித்தீர்கள்’

இதில் நமது பக்கத்திலும் பிழை இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை.

விபத்து நடந்த மூன்றாம் நாளே சகோதரி ஏஜன்டுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். “காக்காக்கு முதல்ல சுகமாகட்டும், பொறகு பாப்பம்” என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் அடுத்த மாதமே அவர் வேலையை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். வாயால் சொன்ன சொல் காற்றோடு போய்விட்டது.

குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அரபுக் கல்லூரியில் வருடா வருடம் மாணவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனாலும் நமது வீடுகளில் எழுத்து என்றால் ஒரு சோம்பல். “அவருக்குச் சொல்லிட்டேன்தானே” என்பதோடு நின்றுவிடுகிறோம்.

அந்த நேரத்தில் மகள் உம்மாவின் கைத்தொலைபேசியைத் தேடிப் பார்த்தாள். விபத்து நடந்த மூன்றாம் நாள் திகதியுடன், “செய்தி கேட்டுக் கவலை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்” என்று ஏஜன்ட் அனுப்பிய குறுஞ்செய்தி அழியாமல் இருந்தது. தகவல் போனது என்பதற்கு அது ஒரு சாட்சி. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த 23 நாட்களுக்கு டிக்கட்டே சாட்சி. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எழுதாமல் விட்ட 4 வாரங்களுக்கு நம்மிடம் ஒரு காரணமும் இல்லை. ஏஜன்ட் வருவார் என்று காத்திருந்தோம் என்பதுதான் உண்மை. அதையே எழுதினோம்.

பதில் கடிதம் எழுதிய விதம்

மகள் தமிழில் எழுத, மாஸ்டர் அதை ஆங்கிலத்தில் ஆக்கினார். இரண்டையும் சேர்த்தே அனுப்பினோம். சகோதரிகளுக்கு உதவுமென்பதால் கடிதத்தின் அமைப்பைத் தருகிறேன்:

1. பொலிசி இலக்கம், கோரிக்கை இலக்கம், மறுப்புக் கடிதத்தின் திகதி. இவை தலைப்பிலேயே வர வேண்டும்.

2. என்ன நடந்தது என்பதைத் திகதி வாரியாக ஐந்தாறு வரிகளில். அழுகையோ கோபமோ வேண்டாம்.

3. கம்பனி சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியான பதில். பதிலுக்குப் பக்கத்தில், அதை நிரூபிக்கும் தாளின் பெயர்.

4. பொலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறீர்கள் என்று இலக்கத்துடன் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவத்தின் பிரதியையும் தாருங்கள் என்ற வேண்டுகோள். படிவத்தை ஏஜன்ட்தான் நிரப்பினார் என்றால் இது மிக அவசியம். நாம் சொன்னதும் அவர் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

5. நமது கோரிக்கை என்ன, எத்தனை ரூபா, எத்தனை வாரங்களுக்கு என்பது.

இணைப்பாக ஆஸ்பத்திரி டிக்கட், டொக்டரின் ஓய்வுச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், கடை முதலாளியின் கடிதம், குறுஞ்செய்தியின் படம் ஆகியவற்றை வைத்தோம். எல்லாம் போட்டோக் கொப்பிகள்தான். மூலப் பிரதி எதையும் கையை விட்டு அனுப்பக்கூடாது. பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் துண்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வைத்தோம்.

ஐந்து வாரங்கள் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது. முன்னைய முடிவில் மாற்றமில்லையாம். சகோதரியின் முகம் மீண்டும் வாடியது. “இது நல்லதுதான் ராத்தா. இனி அடுத்த வாசலைத் தட்டலாம்” என்றேன்.

அடுத்த வாசல்கள்

காப்புறுதிக் கம்பனிகளோடு பிணக்குப்படும் சாதாரண மக்களுக்காகக் கொழும்பில் இரண்டு இடங்கள் உள்ளன. ஊர்களில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

ஒன்று, காப்புறுதி ஒம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரி. இந்தத் திட்டம் 2005 இல் தொடங்கப்பட்டது. பொலிசி எடுத்த தனிநபர்கள் இவரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. முதலில் கம்பனியிடம் முறையிட்டு, அங்கே மறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே நீதிமன்றத்துக்குப் போன விடயத்தை அவர் எடுக்கமாட்டார். அதனால்தான் அந்த ஒரு வரிப் பதிலும் நமக்குத் தேவைப்பட்டது.

மற்றது, காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்யும் அரச நிறுவனம். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை காப்புறுதிச் சபை என்று தொடங்கி, 2017 இல் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று பெயர் மாறியது. கம்பனி பதிலே தராமல் இழுத்தடித்தாலோ முறைகேடாக நடந்தாலோ அங்கும் எழுதலாம்.

இவற்றுக்கும் மேல் நீதிமன்றம் இருக்கிறது. எழுத்து மூல ஒப்பந்தம் பற்றிய வழக்குக்கு ஆறு வருட காலம் என்று காலாவதிச் சட்டம் சொன்னாலும், மறுத்த பிறகு இத்தனை மாதங்களுக்குள் வழக்கிட வேண்டும் என்று பொலிசியிலேயே குறுகிய காலம் எழுதியிருக்கலாம். எனவே கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதும் நாட்காட்டியில் ஒரு கண் இருக்க வேண்டும்.

சகோதரி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினார். புதிதாக ஒன்றும் எழுதவில்லை. பழைய கடிதம், கம்பனியின் இரண்டு பதில்கள், இணைப்புகள், மேலே ஒரு பக்க விளக்கம், அவ்வளவுதான். அங்கிருந்து இரு தரப்பிடமும் விளக்கம் கேட்கப்பட்டது. சுமார் மூன்று மாதங்களில், அங்கே முடிவு வருவதற்கு முன்னரே, கம்பனியிலிருந்து புதிய கடிதம் வந்தது. நீரிழிவு பற்றிய மறுப்பைக் கைவிடுகிறோம். ஆஸ்பத்திரியில் இருந்த காலத்துக்கான தாமதத்தையும் பொருட்படுத்தவில்லை. ஆனால் வீடு திரும்பிய பின்னர் அறிவிக்காமல் இருந்த 4 வாரங்களுக்குப் பணம் தர முடியாது. மீதி 16 வாரங்களுக்கு 80,000 ரூபா.

அந்த 20,000 ரூபாவுக்காகவும் போராடலாமா என்று கேட்டார். “போராடலாம். ஆனால் அந்த நாலு கிழமையும் நமது கவலையீனம்தானே, ராத்தா?” என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “ஓம் மௌலவி, அது எங்கட பிழைதான்” என்று சொல்லி, ஏற்றுக்கொண்டு ஒப்பமிட்டார். காப்புகள் திரும்பி வரவில்லை. கடைக் கடன் தீர்ந்தது. மகளின் பரீட்சைக் காலத்தில் வீட்டில் நிம்மதி இருந்தது.

நமது வீடுகளில் இன்றே செய்யக்கூடியவை

நமது நாட்டின் வீதிகளில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். காயப்படுவோர் அதைவிடப் பல மடங்கு. கடைக்கும் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓதப் போகும் இடத்துக்கும் சைக்கிளில் போகாத வீடு எது? ஆகவே சில விடயங்களைப் பெண்கள் கவனத்தில் எடுக்க வேண்டும். ஆண் படுக்கையில் விழுந்தால் தாள்களோடு அலையப் போவது நீங்கள்தான்.

வீட்டில் யாருக்கு என்ன காப்புறுதி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. அரச உத்தியோகத்தர்களுக்கு அக்ரஹார திட்டம் இருக்கிறது. பாடசாலை மாணவர்களுக்கான சுரக்ஷா திட்டம் 2017 இல் தொடங்கி, இடையில் தடைப்பட்டு, 2024 இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. பிள்ளைக்கு விபத்து நடந்தால் அதிபரிடம் அது பற்றிக் கேளுங்கள்.

விபத்து சிறியதாகத் தெரிந்தாலும் பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோதிய வாகனத்தின் இலக்கத்தையும் காப்புறுதி அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். சைக்கிளை உடனே திருத்தக் கொடுத்துவிடாதீர்கள். வளைந்த சில்லும் ஒரு சாட்சிதான். ஆஸ்பத்திரியில் விபத்து எப்படி நடந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். “சைக்கிள்ல இருந்து விழுந்தார்” என்று சொன்னால் அப்படித்தான் டிக்கட்டில் பதிவாகும். மோட்டார் சைக்கிள் மோதியது என்று பிறகு சொன்னால் நம்ப வைப்பது கஷ்டம்.

முதல் வாரத்துக்குள்ளேயே கம்பனிக்கு இரண்டு வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். கணவரால் முடியாவிட்டால் மனைவி எழுதலாம், படிக்கிற பிள்ளை எழுதலாம். ஏஜன்டிடம் சொல்வது மரியாதைக்கு. கம்பனிக்கு எழுதுவது பாதுகாப்புக்கு.

காப்புறுதி எடுக்கும்போது படிவத்தை வெறுமையாக விட்டு ஒப்பமிடக்கூடாது. கேள்விகளைத் தமிழில் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். உள்ள நோயை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். “அதெல்லாம் எழுதத் தேவையில்லை” என்று சொல்லும் ஏஜன்டை நம்பாதீர்கள். நோய் இருந்தால் கட்டும் பணம் கொஞ்சம் கூடலாம், அல்லது காப்புறுதியே கிடைக்காமற் போகலாம். படுக்கையில் விழுந்த பிறகு மறுக்கப்படுவதை விட அது மேல்.

எல்லா மறுப்பும் அநியாயம் அல்ல என்பதையும் மனதில் வைக்க வேண்டும். தவணைப் பணம் கட்டாமல் பொலிசி செத்துப்போயிருந்தால், அல்லது அந்த விபத்தே பொலிசியில் விலக்கப்பட்டிருந்தால், கடிதம் எழுதிப் பயனில்லை. அதையும் வாசித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தச் சகோதரியின் கணவர் இப்போதும் அதே கடைக்குத்தான் போகிறார். கால் இலேசாகத் தாண்டும். சைக்கிளை விடவில்லை. பிஸ்கட் டின் போய், வீட்டில் இப்போது ஒரு பைல் இருக்கிறது. பொலிசி, பற்றுச்சீட்டு, கிளினிக் கொப்பி எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கின்றன. எதை எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டால் உம்மாவும் மகளும் உடனே எடுத்துத் தருவார்கள்.

இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டு அலுமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பொலிசி எங்கே இருக்கிறது, கடைசியாகப் பணம் கட்டிய துண்டு எங்கே இருக்கிறது, விபத்து நடந்தால் எத்தனை நாளைக்குள் அறிவிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்ற மூன்றையும் இன்றிரவே பார்த்து வையுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் விபத்துக்களை விட்டும் பாதுகாப்பானாக.